கல்வராயன் காத்திருப்பு: மலைச் சைக்கிள் வாரயிறுதி குறித்து ஓர் ஆராய்ச்சி

கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போய்ச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கரடுமுரடான ஒற்றையடிப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுவது என்று ஆறு நண்பர்கள் தீர்மானித்தால், அடுத்த நிமிடமே எழும் கேள்வி சைக்கிளைப் பற்றியது. ஃபோர்க்குக்கு 120 மில்லிமீட்டர் அசைவு போதுமா, 140 வேண்டுமா? டயர் 2.2 அங்குலமா, 2.4 அங்குலமா? பொத்தானை அமுக்கினால் சீட் இறங்கும் டிராப்பர் வைத்துக்கொள்ளாதவரை ஆட்டத்தில் சேர்க்கலாமா? வாட்ஸ்அப் குழுவில் செவ்வாய்க்கிழமை நள்ளிரவு தாண்டியும் இந்த வாதம் ஓயாது. இவை எல்லாமே ஓட்டத்தைப் பற்றிய கேள்விகள். இவ்வாராய்ச்சியின் துணிபு வேறு. நண்பர் குழுவாகச் செய்யும் டெக்னிக்கல் சவாரியின் மூலப்பொருள் காத்திருப்பு. ஓட்டம் அதற்கு நடுவே அவ்வப்போது நேரும் குறுக்கீடு. ஆகவே திட்டம் போடுபவர் எதில் ஓட்டுவது என்பதை விட்டுவிட்டு, எங்கே நிற்பது, யாரோடு நிற்பது, நிற்கும்போது எதைத் தின்பது என்ற மூன்றையும்தான் முதலில் தீர்க்க வேண்டும். இதுவரை இத்துறையில் எழுதியவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டதற்குக் காரணம், அவர்கள் சைக்கிளில் இருந்து இறங்கியபின் எழுதியதுதான். நின்றுகொண்டிருந்தபோது எழுதியிருந்தால் உண்மை வெளிவந்திருக்கும்.

சான்றை இந்த விளையாட்டின் பிறப்பிலிருந்து தொடங்குவதே முறை. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில், ரீபேக் என்ற சரிவில் 1976 அக்டோபர் 21 அன்று நடந்த பந்தயத்தை மவுண்டன் பைக் உலகம் தன் ஆதி நிகழ்ச்சியாகக் கொண்டாடுகிறது. சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ் முதலிய முன்னோடிகளின் களம் அது. சுமார் 2 மைல் தூரத்தில் 1300 அடி இறக்கம். பழைய பலூன் டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், மறுபடி புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அந்தச் சரிவில் கேரி ஃபிஷரின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 வினாடி. போட்டியாளர்களை மொத்தமாக அவிழ்த்துவிடுவதும் கிடையாது; இடைவெளி விட்டு ஒவ்வொருவராகத்தான் அனுப்பினார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மலை உச்சிக்குச் சைக்கிளைக் கொண்டுபோன நேரம், தன் முறை வரும்வரை வரிசையில் நின்ற நேரம், கீழே வந்தபின் பின்னால் வருபவன் விழுந்தானா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம், ஹப்பைப் பிரித்த நேரம் எல்லாம் ஒரு தட்டில். மறுதட்டில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான ஓட்டம். இன்றைய எண்டூரோ பந்தயங்கள் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டன. அங்கே இறக்கங்களுக்கு மட்டும்தான் கடிகாரம். மற்ற நேரத்தில் கெடுவுக்குள் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

அடுத்து கணிதம். டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் 1909-இல் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற இயல் பிறந்தது. அதை வெள்ளிமலைக்குப் பொருத்துவது எளிது. ஒரு பாதையில் கல் படிக்கட்டு, வேர் பின்னிய வளைவு, ஓடைக்குள் இறங்கும் சறுக்கல் என்று 20 இக்கட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் கடக்க ஒருவருக்கு, ஒருமுறை காலூன்றி, ஒருமுறை திட்டி, மறுபடி முயன்று, 2 நிமிடம் ஆகட்டும். பாதை ஒற்றையடிப் பாதை. ஒரு சமயத்தில் ஒருவர்தான் போக முடியும். ஆறு பேர் என்றால் 20 இக்கட்டுக்கும் சேர்த்து 240 நிமிடம், அதாவது நான்கு மணி நேரம். அதில் ஒரு தனிமனிதர் ஓட்டுவது 40 நிமிடம். வேடிக்கை பார்ப்பது 200 நிமிடம். நண்பர் தொகை எத்தனையோ, அத்தனையில் ஒரு பங்கே ஓட்டம் என்ற விதி இதிலிருந்து தானே விளங்கும். எர்லாங்கின் அழைப்பாளர்களுக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சுற்றி நின்று, "லைன் தப்பு மச்சி, இடது பக்கம் எடுத்திருக்கணும்" என்று சொல்லவில்லை.

இந்தக் கோட்பாட்டுக்குக் கல்வராயன் மலை ஏன் இத்தனை பொருத்தம் என்பதற்கு நிலவியல் காரணம் உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் துண்டு சுமார் 1095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டும் அதன் உறவுப் பாறைகளும்; வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்பதால், காத்திருப்பதில் எந்தச் சைக்கிள்காரரும் அதோடு போட்டியிட முடியாது. பாதைகளோ மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் கொல்லைக்கும் அடுத்த ஊருக்கும் போய்வர மிதித்து உண்டாக்கியவை. நடப்பவரின் கால் சுற்றிப்போக விரும்பாது, நேரே ஏறும். நிலைத்து நிற்க வேண்டிய சைக்கிள் பாதையின் சராசரிச் சரிவு பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் வழிகாட்டுகிறது. இந்தப் பாதைகள் யாரையும் அப்படிக் கேட்டுக்கொண்டு அமைந்தவை அல்ல. சரிவோடு நேராக விழும் பாதையில் மழைநீரும் அதே வழியைப் பிடித்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது தேங்காய் அளவிலிருந்து உரல் அளவு வரையிலான உருட்டுக்கற்கள். வெளிநாட்டில் கூலி கொடுத்து அடுக்கும் ராக் கார்டனை இங்கே ஐப்பசியும் கார்த்திகையும் ஓசியில் செய்து கொடுக்கின்றன. ஒன்றை மறக்கக் கூடாது: பாதையின் முதல் உரிமை சைக்கிளுக்கு இல்லை. கடுக்காய் மூட்டையோ மரவள்ளிக்கிழங்கோ சுமந்து ஒருவர் எதிரே வந்தால், இறங்கி, சைக்கிளைப் புதரோரம் சாய்த்து, அவர் கடந்துபோகும் வரை நிற்பதுதான் முறை. இக்கட்டுரையில் பேசப்படும் காத்திருப்புகளிலேயே மிகவும் நியாயமானது அது.

பஞ்சரைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம். ஒரு நாளில் ஒருவருக்குப் பஞ்சர் ஆகும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஆறு பேரும் இரண்டு நாளும் பஞ்சரே இல்லாமல் தப்பிக்கும் வாய்ப்பு 100-க்கு 28. மீதி 72-இல் யாரோ ஒருவர் சக்கரத்தைக் கழற்றுவார், ஐந்து பேர் ஆலோசனை சொல்வார்கள். டியூப்லெஸ் டயரும் உள்ளே சீலன்ட் பாலும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். முள் குத்திய ஓட்டையை அந்தப் பால் அடைக்கும், மெய்தான். கல்லின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் பால் வெளியே வந்து நண்பர்கள் மேல் தெளிக்கும், அவ்வளவே. பிறகு டியூப் போட்டாக வேண்டும். மலையில் இருக்கும் சைக்கிள் கடையில் கிடைப்பது ஊர்ச் சைக்கிளுக்கான டியூப். 28 அங்குல ஊர்ச் சைக்கிளின் ரிம் 635 மில்லிமீட்டர், 29 அங்குலம் என்று பெருமையடிக்கும் மவுண்டன் பைக்கின் ரிம் 622 மில்லிமீட்டர்தான். எண்ணில் பெரியது அளவில் சிறியது. எனவே கடை டியூபை அவசரத்துக்கு உள்ளே திணிக்கலாம். ஆனால் ப்ரெஸ்டா வால்வுக்காக ரிம்மில் இட்ட துளைக்குள் தடித்த ஊர் வால்வு நுழையாது. அரைமணி நேரம் துளையையும் வால்வையும் மாறிமாறிப் பார்த்தபின் இந்த ஞானம் கிட்டும். உதிரி டியூபைப் பையில் வைத்திருந்தவர் அப்போது எங்கே இருப்பார்? முன்னால், ஒரு கிலோமீட்டர் தள்ளி, செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில், மற்றவர்களுக்காகக் காத்துக்கொண்டு.

இனி, திட்டமிடும் பருவம். அதைச் சவாரிக்கு முன்னுரை என்று கொள்வது பிழை; சவாரியின் முதற்பகுதியே அதுதான். சென்னையிலிருந்து வருபவர் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று கிழக்கிலிருந்து ஏறுவோம் என்பார். சேலத்துக்காரர் ஆத்தூரிலிருந்து கருமந்துறைப் பக்கமாக ஏறினால்தான் வசதி என்பார். இருவருக்கும் வசதியான ஒரு வழியை இயற்கை படைக்கவில்லை. ஆகவே இரு அணியும் மலைமேல் சந்திப்பது என்று முடிவாகி, எந்த அணி முதலில் வந்தாலும் மற்ற அணிக்காகக் காத்திருக்கும் ஏற்பாடு உறுதிசெய்யப்படுகிறது. வனத்துறை அனுமதி விஷயத்தில் மட்டும் வேடிக்கைக்கு இடமில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறியவர்களைப் பலிகொண்டபின் அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அனுமதி கிடைக்கும்வரை பொறுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் ஊர்களை இணைக்கும் மலைச் சாலைகளோடும், ஊர்க்காரர்கள் சம்மதிக்கும் கொல்லைப் பாதைகளோடும் திருப்தியடைய வேண்டும். மற்றபடி வாட்ஸ்அப் குழுவே சிறந்த ஆய்வுக்கூடம். "கன்ஃபார்ம்டா" என்று முதல் ஆளாகச் சொல்பவர் வெள்ளிக்கிழமை மாலை மாமனார் ஊரில் இருப்பார். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றவர் சொல்லாமலே வந்து சேர்வார். ஒரு மணிக்கு ஒருமுறை "என்னாச்சு?" என்று கேட்பவரைத்தான் கவனமாகத் தவிர்க்க வேண்டும், புதன்கிழமை பதிலுக்குப் பொறுக்காதவர் சனிக்கிழமை பாதை பிரியும் இடத்திலும் பொறுக்க மாட்டார், தனக்குத் தோன்றிய பக்கம் திரும்பிவிடுவார். பிறகு அவரைத் தேடுவதே அன்றைய சவாரி.

மறுப்புகளுக்கு வருவோம். கைதேர்ந்தவர்கள் மட்டுமே போனால் காத்திருப்பு இராது என்பது முதல் மறுப்பு. அது பொருந்தாது. புதியவர் இக்கட்டைப் பார்த்ததும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அரை நிமிடத்தில் விஷயம் முடிந்தது. கைதேர்ந்தவரோ அதே பாறையை ஒன்பது முறை மேலேறி வந்து மறுபடி இறங்கிப் பார்ப்பார், அதை வீடியோ எடுக்கச் சொல்வார், கோணம் சரியில்லை என்று பத்தாவது முறையும் இறங்குவார். திறமை கூடக்கூட வரிசை நகரும் வேகம் குறைகிறது. அற்றேல், தனியாகப் போய்விடலாமே என்பது இரண்டாவது மறுப்பு. சிக்னல் இல்லாத மலையில் தனியாகப் போய்க் காலை முறித்துக்கொண்டவரின் காத்திருப்புதான் மற்றெல்லாக் காத்திருப்பிலும் நீளமானது. அதோடு, மூன்றடிப் பாறையிலிருந்து இறங்கியதை ஆறடியாக வளர்ப்பதற்குச் சாட்சிகள் தேவை. சாட்சியில்லாத சாகசம் நான்கு அடியைத் தாண்டுவதில்லை.

மூன்றாவது மறுப்பு வலுவானது: நிற்பதைச் சவாரி என்று எப்படிச் சொல்வது? தேரோட்டத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், தேர் எங்கே நிற்க வேண்டும், எந்த மூலையில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பவர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர். ஓட்டத்துக்குப் பலம் போதும். நிறுத்தத்துக்கு வித்தை வேண்டும். மவுண்டன் பைக்கிலும் விலை கூடிய பாகங்களில் ஒன்று ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். நிற்பதற்கு இத்தனை செலவு செய்தவர்கள் நின்ற பிறகு என்ன செய்வது என்று ஒரு வரிகூடத் திட்டம் எழுதாமல் கிளம்புவதுதான் வியப்பு.

ஆகவே வெள்ளிமலைக்கான திட்டத்தாள் இப்படி அமைய வேண்டும். வரைபடத்தில் பாதையைக் குறிக்கும் முன் நிழலைக் குறிக்க வேண்டும்: எந்தத் திருப்பத்தில் புளியமரம், எந்த ஓடையில் தை மாதத்திலும் தண்ணீர், எந்த மேட்டில் ஒரு கோடு சிக்னல். மாலை ஆறு மணிக்கு இருட்டும் என்றால், மேற்கே மலைமுகடு மறைக்கும் பள்ளங்களில் ஐந்துக்கே மங்கிவிடும். நான்கு மணி நேரக் கணக்கு வீட்டு மேஜையில் நான்கு, மலையில் ஆறு. பாதையும் நான்கு மணிக்குள் சாலையில் வந்து சேர்வதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுமை யாரிடம் என்ற கேள்வி. வலுவானவர் முன்னால் போவார், அவரே பம்ப்பையும் உதிரி டியூபையும் சாப்பாட்டு மூட்டையையும் சுமக்கட்டும் என்பது வழக்கில் உள்ள முறை, முற்றிலும் தவறான முறை. புளிசாதம், முறுக்கு, பம்ப், டயர் லீவர் ஆகிய நான்கும் குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவரின் பையில் இருக்க வேண்டும். அப்போதுதான் முன்னால் பறப்பவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் தாமாகவே நிற்பார்கள், பின்னால் வருபவரை அன்போடு எதிர்பார்ப்பார்கள், அவர் வந்து சேர்ந்ததும் உண்மையாகவே மகிழ்வார்கள். அவர் பின்தங்கிய தனிமையில் புளிசாதத்தில் பாதியைத் தின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். ஐந்து பேரை விழாமல், தொலையாமல் நிறுத்தி வைத்ததற்கான கூலியாக அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். முறுக்கை மட்டும் எண்ணிக் கொடுத்தனுப்புவது நல்லது.