படாபிப்பிராய மீமாம்சை

மனிதனுக்கு நேரக்கூடிய தர்மசங்கடங்களைப் பற்றி நம் முன்னோர்கள் விஸ்தாரமாகவே யோசித்து வைத்திருக்கிறார்கள். அரசன் கோபித்தால் என்ன செய்வது, அகாலத்தில் அதிதி வந்து கதவைத் தட்டினால் எப்படி உபசரிப்பது, சம்பந்தி வீட்டார் முறுக்கிக்கொண்டால் யாரைத் தூது அனுப்புவது என்பவற்றுக்கெல்லாம் நீதி நூல்களிலோ பாட்டிமார் வாக்கிலோ விடை கிடைத்துவிடும். ஆனால், உறவினர் ஒருவர் தாம் எடுத்த புகைப்படத்தை நம் மூக்குக்கு நேரே நீட்டி, "எப்படி வந்திருக்கு, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, படத்தைப் பாராமல் நம் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நிற்கும் சமயத்தில், ஒரு கிருஹஸ்தன் அனுஷ்டிக்க வேண்டிய முறை யாது என்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் பிரமாணம் அகப்படவில்லை. அந்தக் குறையைப் போக்கும் பொருட்டே இந்தச் சிறிய ஆராய்ச்சி மேற்கொள்ளப்படுகிறது.

எந்த சாஸ்திரத்தையும் தொடங்குமுன் அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் என்னும் நான்கையும் நிச்சயித்துக்கொள்வது மரபு. இங்கே அதிகாரியாவான் எவனிடம் படம் நீட்டப்பெறுகிறதோ அவனே. அவனுக்குக் கலைஞானமோ மூக்குக் கண்ணாடியோ அவசியமில்லை, தப்பியோட வழியில்லாதிருத்தல் ஒன்றே போதுமான யோக்கியதை. விஷயம், படம். சம்பந்தம், பெரும்பாலும் பெண் கொடுத்த வகையில் ஏற்பட்டது. பிரயோஜனமோ இருவகைப்படும்: எடுத்தவருக்கு அடுத்த படம் சற்றே நன்றாக அமைவது ஒன்று, நமக்கு அந்த வீட்டில் அடுத்த வேளைக் காப்பி தடையின்றிக் கிடைப்பது மற்றொன்று.

இந்தச் சங்கடம் அநாதியானதன்று என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. 1839-இல் டாகேர் என்னும் பிரெஞ்சுக்காரருடைய முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரே ஒரு படம் எடுப்பதற்கு வெள்ளி பூசிய செப்புத் தகடும் அயோடின் புகையும் பாதரச ஆவியும் வேண்டியிருந்தன. அத்தனை விஷத்தையும் சுவாசித்துவிட்டு ஒருவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினால், அதில் குற்றம் கண்டுபிடிக்க யாருக்குத்தான் மனம் வரும்? பம்பாயில் 1854-இலும், அதற்கடுத்த சில வருஷங்களுக்குள் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் ஏற்பட்ட காலத்தில், எடுத்தவரும் பார்த்தவரும் குறை சொன்னவரும் ஒரே சங்கத்து அங்கத்தினர்களாக இருந்தார்கள். வெள்ளி நைட்ரேட்டின் கறுப்புக் கறை எல்லார் விரல்களிலும் படிந்திருந்தபடியால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கிற்று. விபரீதம் ஆரம்பித்தது 1888-இல். அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர், நூறு படங்களுக்கான சுருளை உள்ளே வைத்து மூடிய கோடக் பெட்டியை விற்கத் தொடங்கினார். சுருள் தீர்ந்ததும் பெட்டியோடு ராச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பித்தானை அழுத்துவது உங்கள் வேலை, மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு என்று விளம்பரமும் செய்தார்கள். மற்றதெல்லாம் தங்கள் பொறுப்பு என்ற அந்தக் கம்பெனியார், திரும்பி வந்த படத்தைப் பார்த்து அபிப்பிராயம் கூறும் பொறுப்பை மாத்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. அது உறவினர் தலையில் விழுந்தது. இன்று வரையில் அங்கேயே இருக்கிறது.

பன்னிரண்டு படம் பிடிக்கும் பெட்டிக் காமிராக் காலத்தில் ஆபத்துக்காவது ஓர் எல்லை இருந்தது. கைபேசி வந்த பிறகு, பேரன் பாயசம் குடிக்கும் ஒரே காட்சியை, கிண்ணம் நிறைந்திருக்கும் நிலையிலிருந்து சட்டை நனைந்திருக்கும் நிலை வரையில், படிப்படியாகத் தரிசிக்க வேண்டியிருக்கிறது.

இனி, உலக வழக்கில் இருந்துவரும் அபிப்பிராயங்களைப் பூர்வபட்சமாக எடுத்துக்கொண்டு பரிசீலிப்போம். அவற்றுள் மங்களவாதம் முதலாவது. "ரொம்ப நல்லா வந்திருக்கே!" என்பது அதன் மூலமந்திரம், படம் கண்ணில் படுவதற்கு முன்னமே உச்சரிக்கத்தக்கது என்பது அதன் விசேஷம். "என்ன காமிரா?" என்று கேட்பவர் யந்திரவாதி, அவருடைய புகழ்ச்சி ஜப்பான் தேசத்துக் கம்பெனிக்குப் போய்ச் சேருகிறது. "எந்த ஊர் இது?" என்பவர் க்ஷேத்திரவாதி, அவர் பாராட்டு மலையையும் அருவியையும் படைத்த பகவானைச் சாரும். "பையன் நல்லா வளர்ந்துட்டானே!" என்பவர் காலவாதி, அதன் பலன் காலதேவனுக்குப் பாதியும் நெய் ஊற்றிப் போட்ட தாயாருக்குப் பாதியுமாகப் பிரிந்துவிடுகிறது. இத்தனை பேருக்கும் பங்கு கிடைத்தபின், வெயிலில் மண்டியிட்டுப் படம் எடுத்தவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் பார்த்தால் சூனியமே மிஞ்சுகிறது. "இதே இடத்தை நான் போன வருஷம் எடுத்தேன், காட்டட்டுமா?" என்று தம் சட்டைப் பையில் கை விடுபவரை எந்த வாதியாகவும் நாம் கணக்கிடவில்லை, அது அபிப்பிராயமன்று, எதிர்ப் படையெடுப்பு.

இவர்களுக்கு நேர்விரோதிகள் கண்டனவாதிகள். இவர்கள் படத்தை மூன்றிலொரு பாகமாகக் குறுக்கும் நெடுக்கும் மனத்தினால் கோடு கிழித்துப் பார்த்து, முக்கிய வஸ்து கோட்டின் மேல் நிற்கவில்லை என்று தீர்ப்புக் கூறுவார்கள். இந்த விதியை 1797-இல் எழுதி வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலச் சித்திரக்காரர். காமிரா பிறப்பதற்கு முன்னமே, நிலக்காட்சி ஓவியங்களை உத்தேசித்துக் கூறியது. அதைக் கொண்டுவந்து, அறுபதாம் கல்யாணத்தில் மணையின் நடுவே உட்கார்ந்திருக்கும் தம்பதிகள் மேல் பிரயோகித்து, அவர்கள் சற்று ஒதுங்கி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சாஸ்திர விரோதம், புரோகிதரும் சம்மதிக்கமாட்டார். இன்னும் சிலர், "இது கம்ப்யூட்டரில் திருத்தினது" என்று சொல்லி அதனோடு விவகாரம் தீர்ந்துபோயிற்று என்பார்கள். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை ஒரே நீண்ட படமாக இணைத்துத் தந்த லினேயஸ் டிரைப் என்ற துரை, தம் படங்கள் சிலவற்றில் வானத்து மேகங்களை நெகட்டிவின் மேல் கையாலேயே தீட்டிச் சேர்த்தவர் என்பதை இவர்களுக்கு அடக்கத்துடன் ஞாபகப்படுத்துகிறோம்.

கண்டனவாதிகள் எடுத்துக்காட்டும் தோஷங்கள் பொய்யென்று சொல்லவில்லை. தோஷங்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு தோஷத்துக்கும் ஒரு காரணம் உண்டு, காரணத்தைச் சொல்லாமல் தோஷத்தை மட்டும் சொல்வது வைத்தியமாகாது. சிரச்சேத தோஷம், அதாவது தலை இல்லாமல் படம் விழுதல், எடுத்தவருடைய அஜாக்கிரதை என்றே நினைக்கிறோம். உண்மையில் பழைய பெட்டிக் காமிராக்களில் கண் பார்க்கும் ஜன்னல் ஓரிடத்திலும் லென்ஸ் வேறிடத்திலும் இருந்தபடியால், கிட்டத்தில் நின்று எடுக்கும்போது ஜன்னலில் இருந்த தலை லென்ஸுக்கு எட்டாமல் போயிற்று. ரக்தநேத்திர தோஷம், இருட்டில் அகல விரிந்த கண்மணி வழியாக ஃபிளாஷ் வெளிச்சம் புகுந்து, உள்ளே இருக்கும் ரத்த நாளங்களின் நிறத்தோடு லென்ஸுக்கே திரும்பி வருவதனால் ஏற்படுவது. மாமியார் கண் சிவந்திருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பது இந்த ஆராய்ச்சியின் எல்லைக்குப் புறம்பானது. நாசிகா விருத்தி தோஷம், முகத்துக்கு மிக அருகில் காமிராவை நீட்டுவதால் மற்ற அங்கங்களைவிட மூக்கு லென்ஸுக்குக் கிட்டத்தில் போய்விடுவதனால் வருவது. நாலடி பின்வாங்கினால் மூக்கு தன் யதாஸ்தானத்துக்குத் திரும்பும்.

இனிச் சித்தாந்தம். அதை ஓர் உதாரணத்தினால் விளக்குவதே உசிதம். மைத்துனர் ஒருவர் மாமல்லபுரத்துக்குப் போய் வந்து, "அத்தான், இதைப் பாருங்கள்" என்று ஒரு படம் காட்டுகிறார். கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் அவர் மனைவி நிற்கிறாள். காலை வேளையில், கரைப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி எடுத்தபடியால், சூரியன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறான். ஆகவே அவள் முகம் மைக்கூடு போல் கறுத்திருக்கிறது. கோயிலின் விமானம் அவள் கொண்டையிலிருந்து நேராக முளைத்துக் கலசத்தோடு மேலே போகிறது. வங்காள விரிகுடா வலப்புறமாகச் சாய்ந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரிப் பக்கமாக வடிந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் படத்தின் இடது மூலையில், யாருடைய பிள்ளை என்று தெரியாத ஒரு சிறுவன், சுண்டல் பொட்டலத்தை இரு கைகளாலும் பிரித்து, உள்ளே மாங்காய்த் துண்டு இருக்கிறதா என்று தலையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்; பக்கவாட்டில் விழும் வெயில் அவன் காது மடலை ஊடுருவிச் சிவப்பாக்கியிருக்கிறது.

மங்களவாதி இதற்கு "நல்லா வந்திருக்கு" என்பார். கண்டனவாதி மூன்று தோஷங்களையும் எண்ணிச் சொல்லி, மைத்துனரையும் அவர் மனைவியையும் ஒருங்கே விரோதித்துக்கொள்வார். சித்தாந்தியானவன் படத்தைக் கையில் வாங்கி, ஒரு நிமிஷம் வாய் திறவாமல் பார்ப்பான். பிறகு, "இந்தப் பையனைக் கவனித்தாயா அப்பா? இவன் காதில் வெயில் விழுந்திருக்கிற அழகைப் பார்" என்பான். மைத்துனர் அந்தப் பையனைக் கவனித்ததில்லை. தம் படத்தையே அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கத் தொடங்குகிறார். அந்தச் சமயத்தில், "இதே இடத்தில் சாயங்காலம் எடுத்தால் வெயில் மேற்கேயிருந்து முகத்தில் விழும், நீ இரண்டடி தள்ளி நின்றால் கோபுரமும் தலையை விட்டு இறங்கிவிடும்" என்று ஒரே ஒரு உபாயத்தைச் சொல்லி, சித்தாந்தி நிறுத்திக்கொள்வான். சமுத்திரம் சாய்ந்திருப்பதை அடுத்த படத்துக்கு ஒத்திவைப்பான். படத்தில் நிற்கும் அம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் குண்டாகத் தெரிகிறேனா?" என்று கேட்டால், அதற்கு மாத்திரம் எல்லாத் தரிசனங்களும் ஏகோபித்து "இல்லை" என்றே விதிக்கின்றன.

இதிலிருந்து பெறப்படும் லக்ஷணம் இது: எந்த அபிப்பிராயத்தை இன்னொரு படத்துக்கும் மாற்றிச் சொல்ல முடியுமோ, அது அபிப்பிராயமாகாது. "பிரமாதம்" என்பதை ஊட்டி ரோஜாவுக்கும் சொல்லலாம், உபநயனப் பந்திக்கும் சொல்லலாம். அந்தக் காது மடலைப் பற்றிய வாக்கியத்தையோ அந்த ஒரு படத்தைத் தவிர வேறெதற்கும் சொல்ல இயலாது. தொழிலாகச் செய்யாமல் பிரியத்தினால் படம் எடுக்கிறவர் வேண்டுவது பரிசுமன்று, தீர்ப்புமன்று. தாம் நின்று பார்த்த இடத்தில் இன்னொருவரும் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும் என்பதே. அப்படிப் பார்த்தவன் சொல்லும் குறை யாரையும் நோகச் செய்வதில்லை. பாராதவன் சொல்லும் புகழோ சீக்கிரத்தில் புளித்துவிடும்.

ஆகையால், வாசகர்களே, அடுத்த முறை யாரேனும் படத்தை நீட்டினால், வாயைத் திறக்குமுன் அதன் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். கண்ட நல்லதொன்றைச் சொல்லுங்கள். திருத்தக் கூடியதொன்றைக் காரணத்தோடு சொல்லுங்கள். மூன்றாவதாக ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றால், காப்பியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.