வேலை இல்லாதவர்கள் நடத்தும் பல்கலைக்கழகம்

எந்தப் பல்கலைக்கழக வாசலிலும் ஒரு ஃப்ளெக்ஸ் இருக்கும். கோட்டு போட்ட பிள்ளைகள், பக்கத்தில் கம்பெனி லோகோ, கீழே ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று சிவப்பு எழுத்து. பி.இ. முகம் இருக்கும், எம்.பி.ஏ. முகம் இருக்கும், எம்.சி.ஏ. முகமும் ஒன்றிரண்டு தென்படும். அந்த வளாகத்தில் எல்லாரையும்விட அதிக வருஷம் குப்பை கொட்டிய முனைவர் பட்ட ஆய்வாளர் மட்டும் அதில் இருக்க மாட்டார். அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஃப்ளெக்ஸ் கட்டுவது ஸ்காலர் வேலை.

இதைப் பார்த்துவிட்டு, ஆய்வாளர்களுக்கு வளாகத்தில் வாய்ப்பே இல்லை என்று சிலர் புலம்புகிறார்கள். அபாண்டம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, பிஎச்.டி. சேர்ந்தவர் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம். 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வாய்ப்பு இல்லாத இடத்துக்கு இத்தனை பேர் வருவார்களா? பிளேஸ்மென்ட் அதிகாரி தன்னடக்கம் காரணமாக வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அவர் சார்பில் நாமே பட்டியல் போட்டுவிடுவோம்.

முதல் வாய்ப்பு, சேர்ந்த அன்றே கிடைக்கும். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடின் பிள்ளையை டியூஷனில் கொண்டுபோய் விடலாம். பேங்கில் வரிசையில் நிற்கலாம். ஊரிலிருந்து வரும் அவருடைய மாமியாரை ஜங்ஷனில் இறக்கி ஏற்றலாம். மற்ற நேரத்தில் கைடு எடுக்க வேண்டிய வகுப்பை எடுத்து, கைடு திருத்த வேண்டிய விடைத்தாளைத் திருத்தி, கைடு எழுத வேண்டிய கட்டுரையை எழுதி, அவர் பெயரை முதலில் போட்டுக் கொடுக்கலாம். மிச்சமிருக்கும் நேரத்தில் ஆய்வு செய்யத் தடையேதும் இல்லை.

இது யாரோ கட்டிவிட்ட கதை என்பவர்கள் 2024 அக்டோபரில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நடந்த பட்டமளிப்பு விழாவை நினைவுபடுத்திக்கொள்ளலாம். மேடையேறிய ஆய்வாளர் ஒருவர் பட்டத்தை வாங்கிக்கொண்டு, வேந்தரான ஆளுநரின் கையில் ஒரு மனுவைக் கொடுத்தார். ஸ்காலர்களிடம் வீட்டு வேலை வாங்குகிறார்கள், வைவா நடத்தப் பணமும் நகையும் விருந்தும் கேட்கிறார்கள் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டு. பட்டம் கைக்கு வந்த பிறகே மனுவைக் கொடுத்தார் பாருங்கள், அவருடைய ஆய்வு முறையியல் பழுதற்றது.

நல்ல கைடுகளும் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு அத்தியாயத்தைத் திருத்தி அனுப்புகிறவர்கள், ஃபெல்லோஷிப் வராத மாதத்தில் சத்தமில்லாமல் மெஸ் பில் கட்டுகிறவர்கள். அப்படி ஒருவர் அமைந்தால் ஸ்காலர்கள் அதைக் கொடுப்பினை என்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருவர் கிடைப்பதை ஜாதகப் பலனாக நினைக்கும்படி வைத்திருக்கிறோம்.

அடுத்தது நிகழ்ச்சி மேலாண்மை. தர மதிப்பீட்டுக்கு நாக் கமிட்டி வருகிறதென்றால் துறை முழுக்க ஸ்காலர்கள்தான். கோலம் போடுவது, பூங்கொத்து நீட்டுவது, நாற்காலி சுமப்பது, ஐந்து வருஷம் நடக்காத கூட்டங்களுக்கு ஐந்தே நாளில் மினிட்ஸ் எழுதுவது எல்லாம் அவர்கள். ஏ பிளஸ் பிளஸ் கிடைத்தால் துணைவேந்தர் பேட்டி கொடுப்பார். ஸ்காலர்கள் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

நிதி மேலாண்மைப் பயிற்சியும் உண்டு, அதுவும் நேரடிக் களப்பயிற்சி. ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். காகிதத்தில் மாதாமாதம், வங்கியில் பல மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக. இடைப்பட்ட காலத்தில் எந்தக் கடைக்காரர் எத்தனை நாள் பொறுப்பார் என்று கணக்கிடத் தெரிந்தவனுக்கு எம்.பி.ஏ. எதற்கு? நெட் ஃபெல்லோஷிப் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கு மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுக்கும் மேலாக அதே 8,000. கேஸ் விலை ஏறியது, ஹாஸ்டல் கட்டணம் ஏறியது, எம்.பி.க்களின் சம்பளம் ஏறியது. ஸ்காலரின் வயிறு மட்டும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது என்று கல்வி அமைச்சகம் நம்புகிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கவலையும் பலருக்கு இல்லை. அவர்களுக்கு எதுவுமே வராது. கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் அவர்கள் கட்ட வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி வந்தால் தகுதி வருமல்லவா? வரும். வந்ததும் மாறிவிடும். எம்.பில். செய் என்றார்கள், பிள்ளைகள் நகையை அடகு வைத்துச் செய்தார்கள். 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறை எம்.பில்.லையே தூக்கிவிட்டது. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியராக பிஎச்.டி. கட்டாயம் என்று 2018-ல் விதி போட்டார்கள். அமலாகும் தேதியைத் தள்ளி வைத்தார்கள். 2023 ஜூலை 1 முதல் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு போதும், பிஎச்.டி. உங்கள் விருப்பம் என்றார்கள். ஐந்து வருஷத்தைக் கொடுத்தவனிடம் அது விருப்பப் பாடம் என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

சரி, நெட்டே எழுதுவோம் என்று போனால், 2024 ஜூன் 18-ல் லட்சக்கணக்கானோர் எழுதிய தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். மாநில செட் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அந்த வம்பே இல்லை. அதே ஜூனில் நடக்க வேண்டிய தேர்வு கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. பிறகு நடத்துகிற பொறுப்பே கைமாறி, 2025 மார்ச்சில்தான் ஆசிரியர் தேர்வு வாரியம் அதை நடத்தியது. எழுதாத தேர்வை யாரும் ரத்து செய்ய முடியாது அல்லவா?

இதற்கிடையே 2022-ல் யுஜிசி 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்றொரு பதவியைக் கண்டுபிடித்தது. தொழில்துறையில் பெயர் எடுத்தவர்கள் நெட்டும் பிஎச்.டி.யும் இல்லாமலே பேராசிரியராக வந்து பாடம் நடத்தலாம். வரட்டும், அனுபவம் நல்லதுதான். ஆனால் வாழ்நாளெல்லாம் வகுப்பறையிலேயே கிடந்தவனிடம் மட்டும் சான்றிதழ் கேட்பது என்ன நியாயம்?

இனி, பட்டம் பெற்ற பின் வரும் நட்சத்திர வாய்ப்பு: கௌரவ விரிவுரையாளர் பணி. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகள் இன்று ஆயிரக்கணக்கான இவர்கள் தோளில்தான் நிற்கின்றன. யுஜிசி 2019-ல் சொன்னது: வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 ரூபாய் வரை. அரசு கொடுத்தது 20,000, பிறகு 25,000. அதுவும் பதினொரு மாதத்துக்கு. மே மாதத்தில் முனைவர்களுக்குப் பசிக்காது என்பது உயர்கல்வித் துறையின் ஆய்வு முடிவு. பக்கத்து நாற்காலியில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. பாடம் ஒன்று, கரும்பலகை ஒன்று, மாணவர்களும் அவர்களே. சம்பளப் பட்டியல் மட்டும் வேறு.

நிரந்தரப் பணிக்கு ஆள் எடுக்கவே இல்லையா என்று கேட்கக் கூடாது. 2019-ல் 2,300-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு அறிவிக்கை வந்தது, கரை சேரவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு வந்தது. ஆகஸ்ட் 4 தேர்வு என்றார்கள். அந்தத் தேர்வும் தள்ளிப்போனது. வயது வரம்பு 57 என்று வைத்திருப்பதில்தான் அரசின் தொலைநோக்கு தெரிகிறது. ஓய்வு வயது 60. முப்பதில் விண்ணப்பித்தவர் ஐம்பத்தாறில் நியமன ஆணை வாங்கி, அறுபதில் பிரிவு உபசார விழாவில் மாலை வாங்கிக்கொள்ளலாம். நியமனத்துக்கும் ஓய்வுக்கும் ஒரே ஷாமியானா போதும்.

தனியார் பொறியியல் கல்லூரிகளில் பேராசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அந்தச் சிக்கலை நம் கல்வித் தந்தையர் தீர்த்த விதத்தை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள். சிலர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை சித்தர்களோடு போய்விட்டது என்று நினைத்தோம். இணைப்பு அங்கீகார விண்ணப்பங்களில் பத்திரமாக இருக்கிறது. ஆய்வுக்கு வந்த பல்கலைக்கழகக் குழுக்கள் ஒரே முகத்தைப் பல ஊரில் பார்த்துவிட்டு, உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்று சமாதானம் ஆகியிருக்க வேண்டும். ஒருவர் பத்து நாற்காலியில் உட்கார்ந்தால் ஒன்பது முனைவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்ற கணக்குக்குக் கால்குலேட்டர் தேவையில்லை.

உறுதியான வழி ஒன்று உண்டு. கொஞ்சம் முதலீடு வேண்டும். 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. உதவிப் பேராசிரியர் பணி நியமனத்துக்கு 30 லட்சம் என்பது குற்றச்சாட்டு. ஒரு லட்சம் ரொக்கம், 29 லட்சத்துக்குக் காசோலை. லஞ்சத்தைக் காசோலையாகக் கேட்கும் துணிச்சல் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். கொடுப்பவன் ஏமாற்றக் கூடும் என்ற பயம் இருந்திருக்கிறது. பிடிபடுவோம் என்ற பயம் இல்லை.

இத்தனைக்கும் பிறகு வேலை கிடைக்காதவருக்குக் கடைசிப் புகலிடம் அரசின் குரூப் 4 தேர்வு. 2024-ல் 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கேட்ட தகுதி பத்தாம் வகுப்பு. வடக்கேயும் இதே கதை. உத்தரப் பிரதேசத்தில் 2015-ல் 368 பியூன் இடங்களுக்கு 23 லட்சம் விண்ணப்பங்கள். அதில் 255 பேர் முனைவர்கள். கேட்ட தகுதி ஐந்தாம் வகுப்பும் சைக்கிள் ஓட்டத் தெரிவதும். பியூன் வேலையில் இழிவு ஒன்றுமில்லை. மாதம் முடிந்தால் சம்பளம் வருகிற வேலை அது. இழிவெல்லாம், இருபது வருஷம் படிக்கவைத்துவிட்டு சைக்கிள் தெரியுமா என்று கேட்கும் ஏற்பாட்டில் இருக்கிறது.

கம்பெனிப் பக்கம் போகலாமே என்பார்கள். போனால் ஹெச்.ஆர். பயோடேட்டாவைப் புரட்டிவிட்டு, ஓவர் குவாலிஃபைட் சார் என்பார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆவணங்களைத் தேடிப் பிடிக்கவும், தரவுகளை அலசவும், ஆயிரம் பக்கத்தைப் பத்துப் பக்கத்தில் தெளிவாகச் சொல்லவும் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது யார்? பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையம். பல வளாகங்களில் அந்த மையத்தின் பதிவேட்டில் பிஎச்.டி.க்கு ஒரு பத்திகூடக் கிடையாது. மையத்தில் உட்கார்ந்து பி.இ. பிள்ளைகளின் பெயரை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருப்பவரோ பெரும்பாலும் ஒரு ஸ்காலர்.

சோம்பேறித்தனம், மறதி, நிர்வாகக் கோளாறு என்றெல்லாம் இதற்குப் பெயர் வைக்காதீர்கள். கணக்கு மிகத் தெளிவானது. ஸ்காலர்களுக்கு வெளியே நல்ல வேலை கிடைத்துவிட்டால் நாளைக் காலை வகுப்பை யார் எடுப்பது, விடைத்தாளை யார் திருத்துவது, நாக் ஃபைலை யார் நிரப்புவது? முனைவர்களுக்குப் போக்கிடம் கிடைத்துவிட்டால் 25,000 ரூபாய்க்குக் கல்லூரியை யார் நடத்துவது? வேலை தேடித் தர வேண்டிய நிறுவனம், வேலை இல்லாதவர்களின் உழைப்பில் ஓடுகிறது. அதன் வேலைவாய்ப்பு மையம் ஒழுங்காக வேலை செய்தால் நிறுவனமே படுத்துவிடும்.

நிதி இல்லை என்பார்கள். உண்மைதான். மதுரை காமராஜர் பல்கலைக்கழக ஊழியர்கள் மாதச் சம்பளத்துக்கே போராடினார்கள். 2024-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. மத்திய அரசு மாநிலத்தைக் காட்டும், மாநில அரசு மத்தியைக் காட்டும், இரண்டும் சேர்ந்து ஆளுநர் மாளிகையைக் காட்டும், ஆளுநர் மாளிகை சட்டப் புத்தகத்தைக் காட்டும். இந்தத் திசைகாட்டிகளுக்கு நடுவே நிற்கும் முப்பத்தைந்து வயது முனைவர், வீட்டுக்குப் போனால், 'இன்னும் படிச்சு முடிக்கலையாப்பா' என்று கேட்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவருக்கு யாரைக் காட்டுவது?

பெரிய திட்டம் எதையும் கேட்கவில்லை. கடந்த ஐந்து ஆண்டில் உங்கள் துறையில் பட்டம் வாங்கிய ஒவ்வொரு முனைவரும் இன்று என்ன வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார் என்று சேர்க்கைக்கு முன்பே பகிரங்கமாக வெளியிடுங்கள். ஃபெல்லோஷிப்பைச் சம்பளம் மாதிரி தேதி வைத்துக் கொடுங்கள். பாடம் நடத்துகிறவருக்குப் பன்னிரண்டு மாதமும், யுஜிசி சொன்ன அளவிலும் கொடுங்கள். தேர்வுத் தேதி அறிவித்தால் அந்தத் தேதியில் நடத்துங்கள். கைடின் மீது வரும் புகாரை விசாரிக்க, கைடோடு டீ குடிக்காத ஒருவரை வையுங்கள். காலிப் பணியிடங்களை ஸ்காலரின் தலை நரைப்பதற்குள் நிரப்புங்கள்.

இவற்றில் ஒன்றையும் செய்ய மாட்டோம் என்றால், அடுத்த சேர்க்கை அறிவிப்பிலாவது உண்மையை அச்சிடுங்கள்: முழுநேர வேலையாட்கள் தேவை, குறைந்தது ஐந்து ஆண்டு, ஊதியம் நிச்சயமில்லை, ஆண்டுக் கட்டணம் நிச்சயம், ஏணி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. அப்போதும் விண்ணப்பங்கள் குவியும். வேறு போக்கிடம் இல்லாதபடி பார்த்துக்கொண்டது நீங்கள்தானே.