மீனுக்கு ஓய்வு, முதலாளிக்கு?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். மீன்கள் நிம்மதியாக முட்டையிடட்டும் என்று ஏற்பாடு. அதே நாட்களில் காசிமேட்டிலும் ராமேஸ்வரத்திலும் படகு முதலாளிகளுக்குச் செலவுகள் குஞ்சு பொரிக்கும்.

படகைப் பழுதுபார்க்கக் கரையேற்றினால்தான் வண்டவாளம் தெரியும். ஆசாரி ஒரு பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பலகையும் போச்சு என்பார். எஞ்சின் மெக்கானிக் இன்னும் சுருக்கமானவர். உதட்டைப் பிதுக்குவதோடு சரி.

படகையே மாற்றிவிடலாமென்றால் அதுவும் செலவுதான். இழுவைப்படகை விட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கப் போங்கள் என்று பாக் நீரிணை மீனவர்களுக்கு 2017-இல் ஒரு திட்டம் வந்தது. அப்போது படகு 80 லட்சம். மத்திய, மாநில மானியம் 70 சதவீதம், வங்கிக் கடன் 20, உரிமையாளர் பங்கு வெறும் 10. அந்த ‘வெறும்’ எட்டு லட்சம்! கூடவே, கடன் வாங்கிச் செப்பனிட்ட பழைய இழுவைப்படகையும் கைகழுவ வேண்டியிருந்தது.