கோளாறு எங்க பக்கம் இல்லீங்க

கோயம்புத்தூரில் மெக்கட்ரானிக்ஸ் சேர்ந்த புதிதில், என்ன படிக்கிறே என்று கேட்டவர்களிடம் "மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் மூணும் சேர்ந்ததுங்க" என்று வெள்ளந்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றும் சேர்ந்தது என்றால் மூன்று ரிப்பேருக்கும் ஒரே ஆள் என்று சொந்தபந்தம் புரிந்துகொண்டது. பெரியப்பா வீட்டு கிரைண்டர், சித்தியின் மிக்ஸி, பக்கத்து வீட்டு அக்காவின் லேப்டாப் என்று வரிசை கட்டி நின்றன. முதல் வருடம் நான் படித்ததென்னவோ கணக்கும் வேதியியலும்தான். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மெக்கட்ரானிக்ஸ் என்ற இந்தப் பெயரை 1969ல் வைத்தவர், ஜப்பானின் யாஸ்காவா எலெக்ட்ரிக் கம்பெனிப் பொறியாளர் டெட்சுரோ மோரி. கம்பெனி அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்து கொஞ்ச காலம் பொத்தி வைத்திருந்தது. பிறகு ஊரார் புழங்கட்டும் என்று விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்த கையோடு, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு நடத்துகிறவர்களுக்கும் ஒரு தகவல் சொல்லியிருக்கலாம். அந்தத் தேர்வில் சுரங்கத்துக்குத் தனித் தாள் உண்டு, ஜவுளிக்கு உண்டு, மெக்கட்ரானிக்ஸுக்குக் கிடையாது. நாங்கள் மெக்கானிக்கலிலோ இன்ஸ்ட்ருமென்டேஷனிலோ ஒண்டுக்குடித்தனம் போக வேண்டியதுதான். கேம்பஸ் இன்டர்வியூவிலும் அதே கதை. இயந்திரம் செய்கிற கம்பெனி மெக்கானிக்கல் பையன்களைக் கேட்கும், சர்க்யூட் செய்கிற கம்பெனி ஈசிஈ கேட்கும். எங்களை வாய் நிறையக் கூப்பிடுவது, எந்தப் பிரிவானாலும் சரி என்று சொல்லும் சாப்ட்வேர் கம்பெனி ஒன்றுதான்.

ஆனால் இந்தப் படிப்பு உண்மையில் எதைச் சொல்லித்தருகிறது என்பது லைன் ஃபாலோயர் செய்தபோதுதான் பிடிபட்டது. வெள்ளை சார்ட்டில் கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் வழி தப்பாமல் ஓடும் குட்டி வண்டி. ஆர்டுயினோ போர்டு, எல்298என் மோட்டார் டிரைவர், வண்டியின் வயிற்றில் வரிசையாக ஐஆர் சென்சார்கள். வெள்ளையில் பட்டால் அகச்சிவப்புக் கதிர் திரும்பி வரும், கறுப்பில் பட்டால் வராது. விஷயம் அவ்வளவுதான். லேப்பில் சமர்த்தாக ஓடியது. சிம்போசியம் அன்று அரங்கில் இறக்கிவிட்டதும், டேப்பை மதிக்காமல் நேராக நடுவர் மேஜையை நோக்கிப் போனது.

எலெக்ட்ரானிக்ஸ் சார் வந்து குனிந்து பார்த்தார். "சர்க்யூட்ல ஒண்ணுமில்லப்பா. வீல் அலைன்மென்ட் பாரு." மெக்கானிக்கல் சார் சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டு, "வீல் சுத்தமா இருக்கு, கோடிங்தான் தப்பு" என்றார். கோடிங் எழுதிய நண்பன் லேப்டாப்பை மூடவே இல்லை: "கோடிங் பக்கா மச்சி. டிரைவரே ரெண்டு வோல்ட் தின்னுடுது, மோட்டாருக்கு எங்கே போய்ச் சேரும்?" அவன் சொன்னதும் உண்மைதான், எல்298என் அப்படித் தின்கிற ஜாதிதான். ஆனால் லேப்பிலும் தின்றுகொண்டுதானே ஓடியது? எல்லாருக்கும் பொதுவான ஜூனியர் ஒருத்தன், "கிரவுண்ட் காமன் பண்ணீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மெக்கட்ரானிக்ஸில் அது சௌக்கியமா என்று கேட்பது மாதிரி.

கடைசியில் பார்த்தால், மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சார்ட்டில் விழுந்துகொண்டிருந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது. சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டது. திரையை இழுத்துவிட்டதும் வண்டி ஒழுங்காக ஓடியது. அதற்குள் பரிசைக் கொடுத்து முடித்திருந்தார்கள்.

நாலு வருடமும் பாடம் இதுதான். பிஎல்சி லேடர் லாஜிக், நியூமேட்டிக் சிலிண்டர், பிஐடி எல்லாம் மேலுக்கு. உள்ளுக்குள் கற்றது, கோளாறு எங்க பக்கம் இல்லை என்று எல்லாரும் சொன்னபிறகு மிச்சமிருக்கும் இடத்தில் போய்த் தேடுவது.

பொள்ளாச்சிப் பக்கம் மாமாவுக்குத் தோட்டம். போர் மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார். வீட்டிலிருந்து போன் அடித்தால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். ஒரு நாள் ஓடவில்லை. ஸ்டார்ட்டர் விற்ற கடைக்காரர் மோட்டாரில் கோளாறு என்றார். மோட்டார் மெக்கானிக் ஸ்டார்ட்டரில் கோளாறு என்றார். கேட்டதும் எனக்கு எங்கள் சிம்போசியம் அரங்கில் நிற்பது போலவே இருந்தது.

போன் அடித்துப் பார்த்தேன், எடுத்தது. அப்படியானால் சிம் உயிரோடு இருக்கிறது, டவர் இருக்கிறது. மூன்று ஃபேஸ் விளக்கும் எரிந்தன. உள்ளே ரிலே 'டிக்' என்றது. கான்டாக்டர் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது, சேரவில்லை. மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டரால் கரண்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டு மூடியைக் கழற்றினேன். பூச்சி தின்ன வந்த பல்லி ஒன்று, இரண்டு தகட்டுக்கும் நடுவில் கருகிக் கிடந்தது. குச்சியால் தள்ளிவிட்டு, தகட்டைத் துடைத்து மூடி, மெயினைப் போட்டதும் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

மாமா பல்லியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் மாப்ளே, பல்லி எடுக்கறதுக்கா உங்கப்பன் நாலு வருசம் ஃபீஸ் கட்டுனான்?"

அத்தைக்குக் கவலை வேறு. வீடு திரும்பியதும் உள்ளே ஓடிப்போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்து, பல்லி விழும் பலன் பக்கத்தில் விரலை ஓட்டினார். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், பாதத்தில் விழுந்தால் என்று எல்லாம் போட்டிருந்தது.

"ஸ்டார்ட்டருக்கு மட்டும் போடலீங்களே" என்றார்.