நாற்பதுக்குள் ஒரு பேராசிரியர்

கேள்வி: இளம் சட்டப் பேராசிரியர்களைக் கௌரவிக்க விருது ஏதும் உண்டா? எங்கள் தீவுக்கு அது வருமா?
— வாசகர், போர்ட் பிளேர்

பதில்: அமெரிக்காவில் ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்னும் சங்கம், காலஞ்சென்ற பேராசிரியர் பால் பேட்டர் பெயரால், 40 பிராயம் நிறையாத சட்டப் பேராசிரியருக்கு விருதளித்து வந்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள் இளைஞரணிக்குத் தலைமை வகிக்கும் நம் தேசத்தில் அந்த வயது வரம்பு செல்லுபடியாவது கஷ்டம். ஆயினும், சட்டம் தண்டித்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பிய தங்கள் ஊரில் இன்று சட்டக் கல்லூரியே நடைபெறுவதால், ஆசைப்படுவதில் பிசகில்லை.

தங்கள் தீவுகளின் வழக்குகளை விசாரிப்பது கல்கத்தா ஹைகோர்ட்டாதலின், கல்கத்தா சர்வகலாசாலையின் தாகூர் சட்டப் பேராசிரியர் பதவியையே அடியேன் சிபாரிசு செய்வேன். அதற்கு நிதி எழுதிவைத்து 1868-இல் காலமான பிரசன்ன குமார் தாகூர் என்ற தனவந்தர், கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய சொந்த மகன் ஞானேந்திர மோகனுக்கு அதே உயிலில் சல்லிக்காசும் வைக்கவில்லை. அந்த மகனோ, லண்டனில் ஹிந்து சட்டம் போதித்த பேராசிரியர்! விவகாரம் பிரிவி கவுன்சில் வரை போய், உயிலில் கண்ட உறவினர் ஆயுள்வரை அனுபவித்த பின் சொத்து வாரிசான மகனுக்கே என்று 1872-இல் தீர்ப்பாயிற்று. உறவினரோ 1908 வரை திடகாத்திரமாக ஜீவித்திருந்தார். மகன் 1890-லேயே போய்விட்டார்.