வீட்டைப் புகழ்ந்தவன் விலையைக் குறைச்சதில்லை

வா பேராண்டி, உக்காரு. நெரவியில வீடு பாத்துட்டியாமே! திண்ணையில நின்னுக்கிட்டு, "இத்தனை நாளா இதைத்தான்யா தேடுனேன்"னு விக்கிறவர்கிட்டயே சொன்னியாம். ஒம் பொண்டாட்டி வேற உள்ள போயி, எந்த ரூம்ல தொட்டில் கட்டுறதுன்னு அளந்துட்டு வந்தாளாம். ரொம்ப நல்ல வேலை. அவரு ராத்திரியே ரெண்டு லட்சத்தை ஏத்திட்டாரு. இப்ப வந்து பேரம் எப்படிப் பேசுறதுன்னு கேக்குற. தாலியைக் கட்டிப்புட்டு சாதகம் பாக்கக் கெளம்புறவனாட்டம்!

சரி, அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு நான் சொல்லட்டா? "பாரீசுலேருந்து ஒரு பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காரு, நீங்க நம்ம பையனாச்சேன்னுதான் பாக்குறேன்." சிரிக்காத. காரைக்கால் பக்கம் எந்த வீடு விலைக்கு வந்தாலும் அந்தப் பாரீஸ் பார்ட்டி மொத ஆளா வந்து நிப்பாரு. பிரெஞ்சுக்காரன் 1954-ல நம்ம ஊரு நிர்வாகத்தை இந்தியாகிட்ட ஒப்படைச்சு, 1962-ல சட்டப்படி கைமாத்துனப்ப, எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே போதும்னு எழுதிக் குடுத்தவங்க உண்டு. அவங்க பேரன் பேத்தி அங்கதான் இருக்காங்க, காசும் இருக்கு. இல்லேங்கல. ஆனா ஒன் வீட்டுக்காரரு சொல்ற பார்ட்டி பிளேன் ஏறவே மாட்டாரு. "அப்ப அவருக்கே குடுத்துடுங்கய்யா"ன்னு துண்டை ஒதறிக்கிட்டு எழுந்திரிச்சுப் பாரு. ஒன் செருப்பை மாட்டுறதுக்குள்ள பார்ட்டி காணாமப் போயிருப்பாரு.

அடுத்தது, "ஓஎன்ஜிசி ஆபீசு பக்கத்துல இருக்கு, வாடகைக்கு ஆளு வரிசையில நிக்கும்"பாரு. "சந்தோசம்யா, போன வருசம் வந்த வாடகை எவ்வளவு?"ன்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்க. பேரத்துல பாதி அந்த மூடுன வாய்தான். நீ பேசாம இருந்தா அந்த அமைதி தாங்காம அவரே எறங்குவாரு.

சித்திரையில வீடு பாக்குறவன் சுண்ணாம்பைப் பாக்குறான். ஐப்பசியில பாக்குறவன்தான் வீட்டைப் பாக்குறான். நம்ம ஊரு கடமடைப் பூமி, மழைத் தண்ணி வடியறது மெதுவா. 2008 நவம்பர்ல நிஷா புயல் இந்தப் பக்கம் கரை ஏறுனப்ப தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சுன்னு கேளு. விக்கிறவர்கிட்ட இல்லடா, பக்கத்து வீட்டுக் கெழவிகிட்ட! கூடவே சுவத்துத் தகராறு, சாக்கடைத் தகராறு எல்லாத்தையும் காசு வாங்காம சொல்லிப்புடும். போர் தண்ணியில ஒரு வாய் குடி. ஒரு பிடி பருப்பை வேக வச்சும் பாரு. வேகலன்னா விலையும் வேகாதுன்னு சொல்லிடலாம்.

குத்தம் சொல்றதுக்கும் ஒரு தந்திரம் இருக்கு. நீயா சொல்லாத. "எனக்குப் பிடிச்சிருக்குய்யா, எங்க தாத்தாதான் தெருக்குத்துன்னு மொரண்டு பண்றாரு"ன்னு எம் மேல போடு. வராத ஆளுகிட்ட எவன் வாதாடுவான்?

தொகை சொல்லும்போது "நாப்பது"ன்னு மொழுக்குன்னு சொல்லாத. வாயில வந்ததுன்னு நெனப்பாரு. "38 லட்சத்து 60 ஆயிரம்"னு சொல்லு. ஏதோ கணக்கு போட்டுட்டு வந்திருக்கான்னு பயப்படுவாரு. ஏன்னு கேட்டா ஒயரிங், தளம் ஒழுகுறது, செப்டிக் டேங்குன்னு மேஸ்திரி எழுதிக் குடுத்த சீட்டை எடு. அப்புறம் ஏத்துனா மொதல்ல ஒண்ணு, பெறகு அரை, பெறகு பத்தாயிரம். ஏத்தம் சுருங்கச் சுருங்க ஒன் மடி காலியாவுதுன்னு அவருக்கே புரியும். பேசுறதை ஆடியில பேசு. பத்திரம் போட எவனும் வரமாட்டான், அவரு போனும் அடிக்காது. பத்திரத்தை ஆவணியில வச்சுக்க.

விலை படிஞ்சுதுன்னு துள்ளிக்கிட்டு அட்வான்ஸ் நீட்டாத. வில்லங்கம் போட்டுப் பாரு, தாய்ப்பத்திரத்தைக் கேளு. பழைய பத்திரம் பிரெஞ்சுல இருந்தா படிக்கத் தெரிஞ்சவரைக் கூட்டிட்டுப் போ. விக்கிறவரு வாயால குழிக்கணக்கு சொல்லுவாரு, காயிதத்துல ஆர், சென்டியார்னு பிரெஞ்சு அளவு இருக்கும். தஞ்சாவூர்க் குழி 144 சதுர அடி. ஒரு சென்டியார் பத்தே முக்கால் சதுர அடி. பெருக்கிப் பாத்தா சில வீடு சுருங்கிப் போவும், அங்கயும் விலையைக் கொறைக்கலாம். 1881 சட்டப்படி நம்ம வழக்கத்தை விட்டுப்புட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறுன ரெனோன்சான் குடும்பமா இருந்தா வாரிசுக் கணக்கே பிரெஞ்சுச் சட்டத்துல போவும், வக்கீலைக் கேளு. "தம்பி பிரான்சுல இருக்கான், பவரை மட்டும் ஒம் பேருக்கு எழுதிடுறேன், கிரயம் அப்புறம்"னா ஓடி வந்துடு. வெறும் பவரால சொத்து கைமாறாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2011-லயே சொல்லியாச்சு. அட்வான்ஸும் பேங்க் வழியா போவட்டும். 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குனா, வாங்குனவருக்கு அதே அளவு அபராதம். இதையும் பதமா அவரு காதுல போட்டு வை, மருவாதி கூடும்.

எல்லாம் மண்டையில ஏறுச்சா? ஒண்ணு மட்டும் கேட்டுக்க. இது அத்தனையும் அடுத்தவன் வீட்டுக்குத்தான். தெக்குத் தெருவுல நம்ம ஓட்டு வீடு பூட்டியே கெடக்கு, எனக்கும் தள்ளிவிடலாம்னு ஒரு யோசனை. அதைப் பாக்க வர்றப்ப ஒம் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா, நல்லா வாயாரப் புகழ்ந்துட்டுப் போங்க. சீக்கிரம் வந்தா நல்லது. பாரீசுலேருந்து ஒரு பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காரு.