உள்ளபடியே அங்கீகரிக்கப்படுகிறது

பெறுநர்: தலைவர் அவர்கள், மத்திய நேரடி வரிகள் வாரியம், புது தில்லி.
பொருள்: மேலதிகாரிகளின் வாசிப்பு வேகத்தைப் பாராட்டுதல் – தொடர்பாக.
பார்வை: 31.12.2010 அன்று எழுதப்பட்ட ஒப்புதல் குறிப்பு.

ஐயா / அம்மையீர்,

2017 டிசம்பர் 31 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று தங்கள் துறையின் மேலதிகாரி ஒருவர் 85 ரெய்டு வழக்குகளின் மதிப்பீட்டு ஆணைகளுக்கு ஒப்புதல் கொடுத்தார். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல் இதைக் கேட்டுவிட்டு, ஒரே நாளில் இத்தனை கோப்புகளைப் படித்து முடிப்பது மனிதரால் ஆகாத காரியம் என்று சொல்லிவிட்டது. நீதிமன்றத்துக்குத் தங்கள் துறையின் திறமை தெரியவில்லை. உண்ணாமல் உறங்காமல் 24 மணி நேரமும் உட்கார்ந்திருந்தால் ஒரு வழக்குக்குப் பதினேழு நிமிடம் கிடைத்திருக்கும். அலுவலக நேரம் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை நிமிடம். தில்லியில் இன்னொருவர் ஒரே நாளில் 43 வழக்குகளை முடித்தார். அவருக்குப் பதினொரு நிமிடம் கிடைத்தது. கொஞ்சம் நிதானமானவர் போலும். அவருடைய ஒப்புதலையும் தில்லி உயர் நீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை.

ஐந்தரை நிமிடத்தில் அந்த முதல் அதிகாரி படித்திருக்க வேண்டியது என்ன? ரெய்டு நடந்த வீட்டிலும் கடையிலும் எடுத்த டைரிகள், துண்டுச் சீட்டுகள், கணினிப் பதிவுகள், வாக்குமூலங்கள், சோதனைப் பிரிவு அனுப்பிய அறிக்கை, வரி கட்டுபவரின் பதில்கள், கடைசியாக மதிப்பீட்டு அதிகாரி எழுதிய வரைவு ஆணை. ரெய்டு என்றால் பழைய ஆண்டுகளையும் சேர்த்துத் தோண்டுவது வழக்கம் என்பதால், அப்போது ஒரே ஆளுக்கு ஆறேழு வரைவுகள் வந்தன. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே ஒப்புதல் வேண்டும் என்றது சட்டம். அந்தச் சட்டத்தை எழுதச் சொல்லி நீதிமன்றம் கேட்கவில்லை. 1961 வருமான வரிச் சட்டத்தில் 153டி என்ற பிரிவை 2007-இல் நுழைத்தது அரசாங்கமே. இணை ஆணையருக்குக் கீழ்நிலையில் உள்ள அதிகாரி, மேலதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமல் ரெய்டு வழக்கில் ஆணை போடக் கூடாது என்பது அதன் சாரம். வீட்டுக்குள் புகுந்து பீரோவைத் திறக்கும் அதிகாரம் பெரியது. அதன் முடிவில் விழும் வரிச் சுமையும் பெரியது. அதனால் இரண்டாவதாக ஒரு ஜோடிக் கண் வேண்டும் என்று நினைத்தார்கள். கண் வேண்டும் என்றுதான் கேட்டார்கள், பேனா ஏற்கெனவே இருந்தது.

பார்வையில் குறிப்பிட்ட 2010-ஆம் ஆண்டுக் குறிப்புக்கு வருகிறேன். அது மும்பை உயர் நீதிமன்றத்தின் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் அழியாப் புகழ் பெற்றது. கூடுதல் ஆணையர் அதில் எழுதியதன் சுருக்கம்: வரைவுகளை டிசம்பர் 24-க்குள் அனுப்பச் சொல்லியிருந்தேன், இது 31-ஆம் தேதி வந்து சேர்ந்திருக்கிறது, தகுதி பார்த்து ஆராய நேரமில்லை, ஆகவே வந்தபடியே அங்கீகரிக்கிறேன். ஆணை போடுவதற்கான காலக்கெடு அன்றோடு முடிகிறது. இந்த விவகாரத்தில் உண்மையை எழுத்தில் வைத்த ஒரே அதிகாரி அவர்தான், வாரியம் அவருக்கு விருதே கொடுக்கலாம். கூடவே ஒரு வேண்டுகோள். இதே சலுகையை வரி கட்டுபவருக்கும் நீட்டிக்க வேண்டும். “என் ஆடிட்டர் கணக்கை ஜூலை 31 மாலைதான் கொடுத்தார், சரிபார்க்க நேரமில்லை, ஆகவே தாக்கல் செய்தபடியே ஏற்றுக்கொள்ளவும்” என்று நாங்கள் ஒரு வரி எழுதினால், அபராதம், வட்டி, விளக்கம் கேட்கும் நோட்டீஸ் எதுவும் இல்லாமல் கோப்பை மூடிவிட வேண்டும். சம்மதமா?

தங்கள் தரப்பு வாதங்களையும் ஒதுக்கிவிடவில்லை. ஒப்புதல் என்பது துறையின் உள்வீட்டு விவகாரம், அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்கிறீர்கள். சரிதான். ஒடிசா உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் இதை ஒப்புக்கொண்டே தீர்ப்பு சொன்னது: விரிவான காரணம் வேண்டாம், வரைவைப் பார்த்தார் என்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம் இருந்தால் போதும். அந்த ஓர் அடையாளமும் கோப்பில் இல்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. ரெய்டு நாளிலிருந்தே மேலதிகாரி வழக்கைத் தொடர்ந்து பார்த்து வருகிறார், கடைசியில் ஒரு புரட்டு புரட்டினால் போதாதா என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அப்படித் தொடர்ந்து பார்த்தவரிடம், எண்களே ஒன்றோடொன்று பொருந்தாத வரைவு போய், ஒப்புதலோடு திரும்பி வந்த கதை தில்லி உயர் நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பில் இருக்கிறது. கூட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அடுத்து 292பி பிரிவைக் காட்டுகிறீர்கள். வடிவத்தில் உள்ள சிறு பிழைக்காக ஆணை செல்லாமல் போகாது என்பது அந்தப் பிரிவு. தேதி தவறினால், பெயரில் எழுத்து மாறினால் அது பொருந்தும். படிக்கவே இல்லை என்பதை எழுத்துப் பிழைக் கணக்கில் சேர்க்க முடியுமா?

கடைசி வாதம்தான் கனமானது. தொழில்நுட்பக் காரணம் சொல்லி வரி ஏய்த்தவர்கள் தப்பிக்கிறார்கள், கோடிக்கணக்கான வரி போகிறது என்கிறீர்கள். உண்மை. ஒப்புதல் செல்லாது என்றால் ஆணையே விழுகிறது. பணத்தை மறைத்தாரா இல்லையா என்ற கேள்வி வரை நீதிமன்றம் போவதே இல்லை. ஆனால் ஏய்த்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்? இரண்டு மணி நேரம் படித்து, கீழே இரண்டு வரி எழுதியிருந்தால் அந்த ஆணை நின்றிருக்கும். ஏய்க்காதவரின் கதையையும் பாருங்கள். படிக்காமல் அங்கீகரித்த தவறான ஆணைக்கு அவர் மேல்முறையீடு போக வேண்டும். அது முடியும் வரை வசூலை நிறுத்திவைக்க, கேட்ட தொகையில் 20 சதவீதத்தை முன்கூட்டியே கட்டச் சொல்வது 2017 ஜூலையில் தாங்களே வகுத்த பொது விதி. ஐந்தரை நிமிடச் சோம்பலுக்கு அவர் கொடுக்கும் வாடகை அது.

இதெல்லாம் புதிதும் அல்ல. 1971-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு மறுமதிப்பீட்டு வழக்கில், ஆணையர் “ஆம்” என்று ஒரே சொல் எழுதிக் கையெழுத்திட்டதைச் செல்லாது என்றது. காலக்கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே வரைவை அனுப்ப வேண்டும் என்று தங்களின் 2003-ஆம் ஆண்டு அலுவலக நடைமுறைக் கையேடு சொல்கிறது. அதையும் யாரோ படிக்காமலே அங்கீகரித்திருப்பார்கள் போல. 2024 செப்டம்பர் 1 முதல் நடக்கும் ரெய்டுகளுக்கு, பல ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பு மதிப்பீடு திரும்பி வந்திருக்கிறது. அதிலும் மேலதிகாரியின் முன் ஒப்புதல் உண்டு. ஆக, டிசம்பர் 31-களுக்கு இனியும் பஞ்சமில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஒரு மாத விதியை இந்த முறையாவது நடைமுறைப்படுத்துங்கள். கடைசி நாளில் வரும் வரைவுக்கு, அனுப்பியவரிடம் விளக்கம் கேளுங்கள். இந்தக் கடிதத்தைப் படிக்க நேரம் இல்லையென்றால் தயவுசெய்து “ஆம்” என்று எழுதிவிடாதீர்கள். படித்துவிட்டு “இல்லை” என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
காலக்கெடுவுக்குள் வரி கட்டும் ஒருவர்